பெரியவர் சரி என்றார்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். புது ஊர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? அண்ணனின் இருமல் நின்றதா?

நீங்கள் போய் ஐந்து வாரமாகிறது. உங்கள் நாற்காலியை நான் இன்னும் நகர்த்தவில்லை. ஊரார் நாற்காலிகளை நகர்த்துவதே நம் தொழில் என்பதால் இது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. வரைபடச் சுருள்களை அதன்மேல் நிறுத்திவைத்திருக்கிறேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் யாரோ முதுகைத் திருப்பி உட்கார்ந்திருப்பதுபோல் தெரிகிறது.

காப்பீட்டு நிறுவன வேலை நமக்கே உறுதியாகிவிட்டது. பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்தின் நான்கு, ஐந்து, ஆறாவது மாடிகளுக்கு இருநூற்றுப் பதினான்கு பேர் போகவேண்டும். ஏப்ரல் 26, 27, அதாவது ஒரு சனியும் ஞாயிறும்தான் அவகாசம். வெள்ளி மாலை ஓரிடத்தில் எழுந்தவர் திங்கள் காலை வேறிடத்தில் தன் பேனாவைத் தேடாமல் உட்கார வேண்டும். நாம் இதுவரை மாற்றியதில் பெரியது எழுபது பேர் அலுவலகம்தான். 

அவர்களுடைய நிர்வாக அதிகாரிக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்துவிட்டேன். அவர் அனுப்பும் எல்லா மின்னஞ்சலுக்கும் தலைப்பு அதுதான். நேற்று வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பதுக்கு அழைத்தார். “சின்ன மாத்தம்தான் மேடம். நாலாவது மாடி ஆளுங்களைத் தூக்கி ஆறாவதுல போடுங்க, ஆறாவதை நாலாவதுல போடுங்க. திங்கக்கிழமை காலையில ப்ளான் கையில இருந்தா போதும்.” நூற்று முப்பத்தொன்பது பேர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாக்கறேன் சார்.” போனை வைத்துவிட்டுத்தான் உங்களுக்கு அந்த ஒரு வரிச் செய்தியை அனுப்பினேன். அரை மணியில் பெரியவர் பதில் எழுதிவிட்டார்: “ஐயா, மாடியை மாற்றுவது சட்டையை மாற்றுவது அல்ல. எந்த மாற்றமானாலும் எழுபத்திரண்டு மணி நேரம் முன்பாக, எழுத்தில்.” அவசரம் உடனே என்னை அழைத்தார். “பெரியவர் சொன்னா சரிதான் மேடம்.” குரலில் பணிவு வழிந்தது.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பல் மருத்துவமனைக்காரர் இதேபோல் கழுத்தில் கத்தி வைத்தபோது, நீங்கள் இமைக்காமல் “எங்க பெரியவர் ஒத்துக்க மாட்டாரு சார்” என்றீர்கள். நம்மிருவரைத் தவிர அந்த அறையில் இருந்தது ஒரு மின்விசிறி. அன்றிலிருந்து அவர் இருக்கிறார். முட்டிவலி கொடுத்தோம், மாடி ஏறமாட்டார். போனில் பேசமாட்டார். தனி மின்னஞ்சல் முகவரிகூட உண்டு. அந்தப் பெட்டியின் கடவுச்சொல் எனக்கும் தெரியும்தான். ஆனால் நான் எழுதினால் பெரியவர் மன்னிப்புக் கேட்பார். நீங்களே எழுதுங்கள்.

ஜூனில் திரும்பி வந்துவிடுவேன் என்றீர்கள். நாட்காட்டியில் குறிக்கவில்லை. குறித்தால் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
பூச்சி


ஜனவரி 19

என் வாயில்லாப்பூச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். உன் அண்ணனின் இருமல் நின்றுவிட்டது, இப்போது குறட்டை. நீ கழுத்துவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, தலையணையை மாற்றினாயா?

கடிதமாகவே எழுது. போனில் பேசினால் பத்தாவது நிமிடம் வேலைப் பேச்சாகிவிடுகிறது. கணினி முன் உட்கார்ந்தால் எனக்கே முட்டி வலிக்கிறது, பெரியவராகிவிடுகிறேன். நானாக இருக்க ஒரு காகிதமாவது வேண்டும்.

வீடு மூன்றாவது மாடி. கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. பஞ்சர் ஒட்டும் பசை வாசனை மேலே வரை வருகிறது, காலையில் அது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ஜன்னலைச் சாத்திவைத்திருக்கிறேன். படி அதிகம் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குகிறேன். உன் அண்ணன் நீரேற்று நிலையத்துக்கு ஏழு மணிக்குப் போனால் ஏழு மணிக்கு வருகிறார். அங்கே யார் விடுப்பு எடுத்தாலும் இவர்தான் அந்த வேலையையும் பார்க்கிறார். கேட்டால், “கேட்டாங்க, எப்படி முடியாதுன்னு சொல்றது?” உங்கள் குடும்பத்தில் அந்த ஒரு வார்த்தையை யாருக்கும் கற்றுத்தரவில்லை போலிருக்கிறது.

அவசரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இருநூற்றுப் பதினான்கு பேர் என்றால் என்ன? எழுபதை மூன்று தடவை செய்வதாக நினைத்துக்கொள். மிச்சம் நாலு பேர், அவர்கள் நடந்து வரட்டும்.

ஜூன் பற்றி எழுதியிருந்தாய். இந்த ஊரில் மழை எப்போது பெய்யும் என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது. பார்க்கலாம்.

தலைக்கு எண்ணெய் வை. தூங்கு.

அண்ணி


பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணி,

நலம். தலையணையை மாற்றினேன், கழுத்துவலி தோளுக்கு இறங்கியிருக்கிறது. உங்களுக்கு அந்தப் பசை வாசனை பழகிவிட்டதா?

மூன்று நாளாகப் பழைய கட்டடத்தில் அளவு நாடாவோடு சுற்றினேன். பெட்டிகளுக்கு நிறம் முடிவாகிவிட்டது. நான்காவது மாடிக்கு நீலம், ஐந்துக்கு மஞ்சள், ஆறுக்குப் பச்சை. நாற்காலிக்கு என்ன எண்ணோ பெட்டிக்கும் அதே எண். ஒருவரை இடம் மாற்றினால் குறைந்தது பதினோரு பேர் மாறவேண்டியிருக்கிறது. குளம் மாதிரி, எங்கே கல்லைப் போட்டாலும் கரைவரை அலை போகிறது.

பாலிசிப் பிரிவில் ஓர் அம்மா. பத்தொன்பது வருடமாக ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். “புது ஆபீஸ்ல எனக்கும் ஒரு தூண் வேணும்மா” என்றார். ஏன் என்று கேட்டேன். “சாஞ்சுக்கறதுக்கு இல்ல. அது இருந்தா மேனேஜருக்கு நான் தெரிய மாட்டேன்.” புதுக் கட்டடத்தில் மொத்தம் ஆறு தூண்கள். அவருக்கு ஒன்று ஒதுக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

போன வெள்ளி மாலை மறுபடி ஐந்து நாற்பது. டைரக்டருக்கு மேற்குப் பக்க ஜன்னல்கள் முழுவதும் வேண்டுமாம், திங்களன்று. பெரியவர் நான்கு வரியில் மறுத்ததைப் பார்த்தேன். “சூரியன் மேற்கில்தான் மறையும், ஐயா. பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் டைரக்டரே ஜன்னலை மூடச் சொல்வார்.” அவசரம் இதை வரிமாறாமல் மேலே அனுப்பிவிட்டாராம். அதற்கு நன்றியாக ஒரு பழக்கூடை வந்தது, பெரியவருக்கு. உங்கள் பங்கு ஆரஞ்சையும் நானே சாப்பிடவேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ‘பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். வாடிக்கையாளர்களிடம் நீங்கள் எப்போது அந்தச் சொல்லைச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும் அண்ணி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சி


மார்ச் 3

அன்புள்ள அண்ணி,

நலமாக இருக்கிறீர்களா? இந்தத் தடவை இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தாமதமாகட்டும் என்றிருந்தேன். போன வியாழன் அவசரம் அழைத்தார். “பெரியவர் ஒத்துக்கிட்டாரு மேடம்” என்றார். எதற்கு என்று கேட்க வெட்கமாக இருந்தது. நம் பெரியவர் எதற்கு ஒத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாதென்றால் எப்படி? “ஆமா சார்” என்றேன். பிறகு பெரியவரின் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

இடமாற்றத்தை இரண்டு வாரம் முன்னால் கொண்டுவரக் கேட்டிருக்கிறார்கள், ஏப்ரல் 12க்கு. அதற்குப் பெரியவர் எழுதிய பதில் இது: “அப்படியே செய்துவிடலாம். தங்கள் வசதியே எங்கள் வசதி.”

அண்ணி, பெரியவர் இரண்டு வருடத்தில் ஒருநாளும் ‘தங்கள் வசதி’ என்று எழுதியதில்லை.

உங்களுக்குப் போன் செய்தேன். அண்ணன் எடுத்தான். “தூங்கறா.” சாயந்திரம் செய்தேன். “இப்பதான் படுத்தா.” மறுநாள் காலை பதினொன்றுக்கும் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? ‘பார்க்கலாம்’ பற்றி எழுதியதை மறந்துவிடுங்கள்.

பதில் போடுங்கள்.

பூச்சி


மார்ச் 14

பூச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ கவலைப்படும்படி எதுவும் இல்லை. பதில் தாமதமானதற்கு ஒரு காரணமும் இல்லை, சோம்பல்தான்.

அந்த மின்னஞ்சலை நான்தான் அனுப்பினேன். அசதியில் தேதியைச் சரியாகப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. பெரியவர் மனம் மாறிவிட்டார் என்று எழுதிவிடட்டுமா? நீ சொன்னால் இன்றே எழுதுகிறேன்.

உன்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும், பைத்தியமே.

நிறையத் தண்ணீர் குடி.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

நான் நலம். உங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்ப முயற்சி செய்கிறேன்.

பெரியவர் மனம் மாறியதாக எழுதவேண்டாம். பேச்சு மாறினால் பிறகு அவர் பெரியவரே இல்லை, நம்மைப்போல் ஆகிவிடுவார். நான் எல்லாவற்றையும் 12ஆம் தேதிக்கு மாற்றி வரைய ஆரம்பித்துவிட்டேன். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. புதுக் கட்டடத்து லிஃப்டுக்குச் சோதனைச் சான்றிதழ் ஏப்ரல் 20க்குப் பிறகுதான் கிடைக்கும். அதுவரை அதை ஓட்டக்கூடாது. சாமான் ஏற்றுபவர்களின் மேஸ்திரியிடம் படி வழியாக முடியுமா என்று கேட்டேன். தலையை அண்ணாந்து ஆறாவது மாடியைப் பார்த்தார். “இருநூறு மேஜையா? மேஜை போய்ச் சேராது மேடம். நாங்கதான் போய்ச் சேருவோம்.” அவருக்கு இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறது. 

இன்று காலை அவசரத்திடமிருந்து இன்னொன்று. பெரியவரை நேரில் பார்க்கவேண்டுமாம். “ஒரே ஒரு தடவை மேடம். அவரு மாடி ஏற வேணாம், நானே வர்றேன். இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்க ஆபீஸுக்கு. இது ரொம்ப முக்கியம்.” நான் வழக்கம்போல் “பாக்கறேன் சார்” என்றேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் இருக்கிறது. முட்டிவலியுள்ள ஒரு பெரியவரை எங்கே போய்ப் பிடிப்பேன்? பூங்காவில் காலையில் நடக்கும் எல்லோரையும் பார்க்கிறேன். எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள். பொய் தெரிந்துவிட்டால் இந்த வேலை போய்விடும், நம் பெயரும் போய்விடும். அதைவிட ஒன்று சொல்லவா? அவர் கேட்டு முடித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம் வேலையைப் பற்றியது இல்லை. அண்ணி இருந்தால் பயமாக இருக்காது என்பதுதான். நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். தாங்கிக்கொள்வேன்.

ஒன்று கேட்கிறேன். போன கடிதத்தின் உறைமேல் முகவரி அண்ணன் கையெழுத்தில் இருந்தது. நீங்கள் ஒருநாளும் உறையை அடுத்தவரிடம் கொடுக்கமாட்டீர்களே. ஏன்?

பூச்சி


மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுத வராது, தெரியும். நிலையத்தில் பம்பு ஓடும் சத்தத்தில் எழுதுகிறேன். உன் அண்ணிக்கு இது தெரியாது.

உன் கடிதத்தை அவள் படித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

அவள் முழுகாமல் இருக்கிறாள். நாலு மாதம் முடிந்துவிட்டது. பிப்ரவரி கடைசியில் கொஞ்சம் பயமாகிவிட்டது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பிறகு எழுந்து நடக்கவே கூடாது என்று உத்தரவு. படுத்தே இருக்கிறாள். படுத்துக்கொண்டே எழுதுவதால் கை நடுங்குகிறது, அதனால் உறையை நான் எழுதினேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். போன தடவை ஆனது உனக்குத் தெரியும். இந்தத் தடவை யாருக்கும் சொல்லாமல் இருந்தால் நிற்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். படித்தவள்தான், ஆனாலும்.

இன்னொரு விஷயம். அந்த மின்னஞ்சல் அவள் அனுப்பியது இல்லை, நான் அனுப்பியது. மருத்துவமனை வராந்தாவில் அவள் போன் என் கையில் இருந்தது. ‘அவசரம், அவசரம்’ என்று நாலு தடவை வந்தது. பாவம், என்ன அவசரமோ என்று திறந்தேன். மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மரியாதையாகக் கேட்டால் நான் என்ன செய்வேன்? ‘அப்படியே செய்துவிடலாம்’ என்று போட்டுவிட்டேன். அவள் தெரிந்துகொண்டபோது, “பெரியவரோட மானத்தையே வாங்கிட்டீங்க” என்றாள். வலியிலும் சிரித்தாள். அப்புறம் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

டாக்டர் இப்போது பயமில்லை என்கிறார். நீ தைரியமாக இரு.

உன் அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை, வேண்டிக்கொள்கிறேன். அண்ணன் எல்லாவற்றையும் எழுதிவிட்டான். திட்டாதீர்கள். சத்தியத்தை மீறியதுதான் அவன் வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சொன்ன ‘முடியாது’.

அந்தக் கடிதம் வியாழன் பிற்பகல் வந்தது. படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுதேனா சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதமாக உங்களுக்கு நான் அலுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது இல்லை என்று தெரிந்ததும் உடம்பே லேசாகிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு வருபவரை நினைத்தேன். வழக்கமான பயம் அங்கேதான் இருந்தது, ஆனால் அளவில் சிறியதாக.

அவர் ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டார், கையில் பழக்கூடையோடு. நம் அறை உங்களுக்குத் தெரியும். இரண்டு மேஜை, ஒரு ஜன்னல், ஒரு கதவு. அவர் அந்தக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவர் உள்ள இருக்காரா மேடம்?”

“அது பாத்ரூம் சார்.”

“ஓ.” கொஞ்சம் யோசித்தார். “அதுல இருக்காரா?”

“இல்ல சார். உக்காருங்க.”

உட்கார உங்கள் நாற்காலி மட்டும்தான் இருந்தது. சுருள்களை எடுத்துத் தரையில் வைத்தேன். அவர் நுனியில் உட்கார்ந்தார், கூடையை மடியில் வைத்துக்கொண்டு.

“பெரியவர் வரமாட்டாரு சார்.”

“உடம்பு முடியலையா?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ‘ஆமா’ என்று சொன்னால் போதும், இன்னொரு வாரம் ஓடும். ஆனால் நீங்கள் அசையாமல் படுத்துக்கொண்டு, இல்லாத ஒருவருடைய முட்டிவலியை எழுதிக்கொண்டிருந்தது கண்முன் வந்தது.

“அப்படி ஒருத்தர் இல்ல சார்.”

அவர் முகம் மாறியது. “தவறிட்டாரா?”

“இல்ல சார். இருந்ததே இல்ல. நானும் எங்க அண்ணியும்தான்.”

அவர் மடியிலிருந்த கூடையை நேராக வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார், ஏதோ பட்டியலைச் சரிபார்ப்பதுபோல்.

“மெயில் எல்லாம்?”

“அண்ணி.”

“முட்டிவலி?”

“நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்தோம்.”

“போன மாசம் நான் அனுப்புன பழக்கூடை?”

“நான் சாப்பிட்டேன் சார். ஆரஞ்சு நல்லா இருந்துச்சு.”

“அப்ப, பன்னண்டாம் தேதிக்குச் சரின்னு சொன்னது?”

“அது எங்க அண்ணன். அவருக்கு முடியாதுன்னு சொல்ல வராது. எனக்கும் வராது சார்.” மூச்சை இழுத்துக்கொண்டேன். “ஆனா பன்னண்டு முடியாது. லிஃப்டுக்கு இருபதுக்கு அப்புறம்தான் சர்டிஃபிகேட் வருது. ஆறு மாடிப் படியில மேஜையைத் தூக்கிட்டுப் போகச் சொல்லி நான் யாரையும் அனுப்ப மாட்டேன். இருபத்தாறுதான்.”

பாதியில் ‘பாக்கறேன் சார்’ என்று வாய் வரை வந்துவிட்டது அண்ணி. ஆனால் வாக்கியம் முடிந்தது.

“சரி” என்றார்.

நான் அடுத்த வாதத்துக்குத் தயாராக இருந்தேன். லிஃப்ட் கம்பெனிக் கடிதத்தை எடுக்க டிராயரைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அவர் முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நானே அதைக் கேக்கத்தான் மேடம் வந்தேன். எங்க டைரக்டருக்குத் தினம் ஒண்ணு தோணும். அவர்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு அனுப்புவேன். பெரியவர் முடியாதும்பாரு. அதை அப்படியே மேல அனுப்பிட்டு நான் பொழச்சுப்பேன். மூணு மாசமா அப்படித்தான் ஓடுது. பன்னண்டாம் தேதிங்கறது பைத்தியக்காரத்தனம்னு எனக்குத் தெரியாதா? பெரியவர் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாருன்னு நம்பி அனுப்புனேன். சரின்னுட்டாரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நேர்ல பாத்து, கால்ல விழுந்தாவது முடியாதுன்னு சொல்ல வெச்சிடலாம்னு வந்தேன்.”

நான்தான் முதலில் சிரித்தேன். கூடை அவர் மடியில் குலுங்கியது. இரண்டு பேர், ஒரு மேஜையின் இரண்டு பக்கமும், ஒரே கிழவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறோம்.

பிறகு அவர் சிரிப்பு நின்றது. “இப்ப டைரக்டர்கிட்ட யாரு சொல்றது?”

அவர் பார்த்த பார்வையில் பதில் இருந்தது. கணினியை என் பக்கம் திருப்பி, என் முகவரியிலிருந்து டைரக்டருக்கே எழுதினேன். மூன்று வரி. கீழே என் பெயர். பெரியவர் என்று ஒருவர் இல்லை என்பதையும் அதில் எழுதலாமா என்றேன். “ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்ல வேணாம் மேடம். அதை நான் சமயம் பாத்துச் சொல்றேன்” என்றார். பழங்களை விட்டுவிட்டுப் போனார்.

டைரக்டரின் பதில் இன்னும் வரவில்லை. வேலையைப் பிடுங்கிக்கொள்ளவும் கூடும். ஆனாலும் நேற்று ஒன்பது மணிக்குப் படுத்தவள் காலை எட்டுக்குத்தான் எழுந்தேன்.

நீங்கள் பதில் எழுதவேண்டாம். படுத்திருங்கள்.

பூச்சி


ஏப்ரல் 6

என் பூச்சிக்கு,

எழுதவேண்டாம் என்று நீ சொன்னால் நான் கேட்பேனா? இதை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், உட்கார்ந்து! நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, அறைக்குள் நடக்கலாம் என்றார். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு ஒன்பது எட்டு நடை. ஆறு வாரம் கழித்து சைக்கிள் கடைக்காரரின் தலையைப் பார்த்தேன், வழுக்கை. இத்தனை நாள் அவர் பாடும் குரலை வைத்து நிறைய முடி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“அதுல இருக்காரா?” என்ற இடத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, நல்லவேளை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். போன தடவை சேதியைச் சொன்ன அன்று சாயந்திரமே நீ எங்கள் அறையை அளந்து, அளவு பிசகாமல் வரைபடம் போட்டுக் கொண்டுவந்தாய். ஜன்னல், அலமாரி, நடுவில் தொட்டில். கதவு திறந்தால் தொட்டிலில் இடிக்காமல் இருக்க மூன்று அங்குலம் விட்டிருந்தாய். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாளை நான்தான் மடித்து உள்ளே வைத்தேன். உன்மேல் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு அழகாக வரைந்ததை இன்னொரு தடவை மடிக்க எனக்குத் தெம்பு இல்லை, அதுதான்.

ஜூனுக்கு வரமாட்டேன். இந்த வருடமும் இல்லை. ஆகஸ்டில் பிள்ளை பிறந்து, அது தவழ்ந்து, எதையாவது தட்டிவிட ஆரம்பித்த பிறகு யோசிக்கலாம். இதை நேராகச் சொல்லியிருக்கவேண்டும். நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், நீ கூடையோடு வந்தவரையே உட்காரவைத்துப் பேசியிருக்கிறாய். என் நாற்காலிக்கு நல்ல ஆளாகப் பார்த்து எடு. உன்னைவிட வாயுள்ளவளாக வேண்டும் என்று தேடாதே, இனி அவசியமில்லை.

பெரியவரின் பெட்டியை மூடிவிடட்டுமா? டைரக்டர் என்ன சொன்னார்? அதைச் சொல்லாமல் என்னைப் படுக்கவைத்திருக்கிறாயே, ரத்த அழுத்தம் ஏறாதா?

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

தோள்வலியைத் தவிர நான் சுகம். ஒன்பது எட்டு இப்போது எத்தனை எட்டாகியிருக்கிறது?

டைரக்டரின் பதிலை நான் உடனே குறுஞ்செய்தியில் அனுப்பியது உங்கள் ரத்த அழுத்தத்துக்காகத்தான். “கவனத்தில் கொள்ளப்பட்டது.” இரண்டே சொல். இந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து இரண்டு வருடம் ஒருவருக்கு முட்டிவலி கொடுத்து வைத்திருந்தோம். ஆனால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த நாளில் அவர் இல்லையென்றால் நான் முதல் மாதமே இந்தத் தொழிலை விட்டு ஓடியிருப்பேன். பெட்டியை மூடிவிடுங்கள். அவசரம் டைரக்டரிடம் ‘பெரியவர் விலகிவிட்டார்’ என்று சொல்லியிருக்கிறார். பாதி உண்மை. அவருடைய தைரியத்துக்கு அது அதிகம்தான்.

இடமாற்றம் முடிந்துவிட்டது. சனி காலை ஏழு மணிக்கு முதல் லாரி, ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கடைசி லாரி. மேஸ்திரி லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, ராஜா மாதிரி மேலும் கீழும் போய்வந்தார். பச்சைப் பெட்டி ஒன்று மஞ்சள் மாடியில் இறங்கி ஒரு மணி நேரம் தேடினோம். அவ்வளவுதான் சேதம்.

வெள்ளிக்கிழமை ஐந்து நாற்பதுக்கு போன் அடிக்காமல் இருக்குமா? அடித்தது. டைரக்டர், நேரடியாக. தன் அறையை நான்காவது மாடியிலிருந்து ஆறாவதுக்கு மாற்றவேண்டுமாம், மறுநாளைக்குள். நான் சொன்னேன்: “முடியாது சார். திங்கக்கிழமைக்கு அப்புறம் எழுதிக் குடுங்க, மூணு நாள்ல செஞ்சு தர்றேன்.” அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. அப்புறம், “சரி, பாத்துக்கலாம்.” வைத்துவிட்டார். 

திங்கள் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றேன். இருநூற்றுப் பதினான்கு பேரும் கையில் எண்ணோடு வந்து, தேடி, உட்கார்ந்தார்கள். பாலிசிப் பிரிவு அம்மா தூணை இரண்டு பக்கமும் சுற்றிப்பார்த்துவிட்டு, மேனேஜரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து அங்கிருந்தும் பார்த்தார். தெரியவில்லை. திரும்பி வரும்போது என் கையை அழுத்திவிட்டுப் போனார்.

நீங்கள் ஜூனில் வரமாட்டீர்கள் என்று எழுதிய வரியை நான் பலமுறை படித்தேன். வருத்தம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஆனால் நான் பயந்த அளவு இல்லை. மெதுவாக ஆள் தேடுகிறேன். அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது.

மே 8ஆம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பத்து நாள் உங்களோடு இருப்பேன். அளவு நாடா கொண்டுவரமாட்டேன். எதையும் வரையவும் மாட்டேன், நீங்களாகக் கேட்டால் தவிர. நேற்று ஒரு புது வாடிக்கையாளர், பதிப்பகம், முப்பது பேர், அடுத்த வாரமே பேசவேண்டும் என்றார். வேறொருவர் பழைய திட்டத்தில் திருத்தம் என்றார். இருவரிடமும் விடுமுறை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை. பத்து நாள் இருக்கமாட்டேன், வந்து பேசுகிறேன் என்று சொன்னேன். யார் செத்துப்போனார்கள்? ஒருவரும் இல்லை.

ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று அண்ணன் கிளம்புவான். அன்று நிலையத்தில் யாருக்காவது பதிலாக வேலை பார்க்க ஒப்புக்கொண்டிருப்பான், அதையும் விடமுடியாமல் இதையும் விடமுடியாமல் திண்டாடுவான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நானே வந்துவிடுவேன். கதவை மட்டும் தாழ் போடாமல் வையுங்கள், நீங்கள் எழுந்து வரக்கூடாது.

உங்கள்
பூச்சி